நோயுற்ற நாளின் கூலி

அண்ணாமலையை வலம்வரும் 14 கிலோமீட்டர் பாதையில், மலைக்கு மேற்கே அமைந்தது நம் அடி அண்ணாமலை. மணிவாசகப் பெருமான் திருவெம்பாவை அருளியது இவ்விடத்தில்தான் என்பது வழிவழியாக வரும் மரபு. அவருக்கென ஒரு கோயிலும் இப்பாதையில் உண்டு. முழுநிலா நாள்தோறும், கார்த்திகைத் தீபத்தன்றும் எண்ணற்ற அடியவர்கள் இவ்வழியே நடந்து செல்கின்றனர். நடப்பவர்களுக்குச் சோறும் நீரும் மலரும் தரும் கைகள் வேறு. தேநீர்க் கடையில் குவளை கழுவுபவர், உணவு விடுதியில் பந்தி பரிமாறுபவர், துணிக்கடையில் நாள் முழுதும் நின்றே விற்பவர், மாலை தொடுப்பவர், கட்டட வேலைக்குச் செல்லும் கொத்தனார், சித்தாள் ஆகியோரின் உழைப்பில்தான் இத்திருநகர் இயங்குகிறது.

இவர்களுள் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் அவர் வீட்டிற்கு இரண்டு இழப்புகள் நேர்கின்றன. மருந்துக்குச் செலவாகும் பணம் ஒன்று; வாராத கூலி மற்றொன்று. முதலாவதற்கு அரசு மருத்துவமனை ஓரளவு ஈடு செய்கிறது. இரண்டாவதற்கு ஈடு செய்வது எது? நோயுற்ற நாளுக்கும் ஊதியம் உண்டு என்னும் எண்ணம் நம் நாட்டில் எப்படி வளர்ந்தது, சட்டமாயிற்று, யாரிடம் சென்று சேர்ந்தது, யாரிடம் சேராது நின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வாக்காளர்கள் தந்த உரிமையைச் சட்டமன்றம் பறித்த அயல்நாட்டு நிகழ்ச்சி ஒன்று அண்மையில் நடந்தேறியது. அதையும் நம் வரலாற்றோடு ஒப்பிட்டுக் காண்போம்.

வந்தியின் பங்கு

மணிவாசகர் வரலாற்றோடு பிணைந்த பிட்டுக்கு மண் சுமந்த படலம் நாம் அனைவரும் அறிந்தது. வையை பெருகிக் கரையை உடைக்கிறது. வீட்டுக்கு ஒருவர் வந்து தம் பங்குக் கரையை அடைக்க வேண்டுமென அரசாணை பிறக்கிறது. பிட்டு விற்றுப் பிழைக்கும் முதியவள் வந்திக்கு உடலில் வலுவும் இல்லை, துணைக்கு ஆளும் இல்லை. ஆயினும் ஆணையில் அவளுக்கு விலக்கில்லை. இறைவனே கூலியாளாக வருகிறான். உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று உண்டு, வேலை செய்யாது படுத்துறங்குகிறான். பாண்டியன் பிரம்பால் அடிக்க, அவ்வடி அரசன் உட்பட எல்லா உயிர்களின் முதுகிலும் விழுகிறது.

இக்கதைக்குப் பக்தி நெறியினர் கண்ட பொருள் பெரிது. அதை நாம் மறுக்கவில்லை. எனினும் அதனுள் ஒரு சமூகச் செய்தியும் பொதிந்துள்ளது. உழைக்க இயலாத ஒருத்திக்கு உழைக்க வல்லவர்க்கு இட்ட அதே சுமையை ஆணை இட்டது. அந்த ஆணையின் குறையை நிரப்பக் கடவுளே வர வேண்டியதாயிற்று. ஓய்ந்து படுத்த கூலியாளின் மேல் விழும் அடி அவனோடு நிற்பதில்லை, ஊரையே தாக்கும் என்பதையும் நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். நோயுற்றவருக்கு ஓய்வளிப்பது இரக்கச் செயல் மட்டுமன்று. அது பொது நலன் என்னும் இக்காலக் கருத்தின் வித்து அக்கதையில் இருக்கக் காண்கிறோம்.

கேட்டுப் பெற்ற ஓய்வு

கதையில் கடவுள் வந்தார். வரலாற்றில் மனிதர்களே வர வேண்டியிருந்தது. 1908-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு வார விடுமுறையும் பிற விடுப்பு வசதிகளும் அவர்கள் கேட்டவை. அவர்களுக்கு வழிகாட்டியவர் வ.உ. சிதம்பரனார். மார்ச்சு முதல் வாரத்தில் கூலி உயர்வும் ஞாயிறு ஓய்வும் கிட்டின. அம்மாதம் 12-ஆம் நாள் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். கப்பல் ஓட்டியவராகவும், தொல்காப்பிய உரையைப் பதிப்பித்த புலவராகவும் நாம் போற்றும் பெருமகனார், ஆலைத் தொழிலாளியின் ஓய்வு நாளுக்காகப் போராடியவரும் ஆவார் என்பது இலக்கிய அன்பர்கள் நினைவிற் கொள்ளத்தக்கது.

பத்தாண்டுகள் கழித்து, 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் துயரை முதலில் எடுத்துரைத்தவர்கள் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும். தலைமை ஏற்றவர் பி.பி. வாடியா. அவரோடு தோள் கொடுத்தவர் தமிழ் உரைநடைக்குப் புதுநெறி கண்ட திரு.வி.க. நண்பகல் உணவு இடைவேளையை நீட்டித் தருக என்பதும் அவர்தம் தொடக்கக் கோரிக்கைகளுள் ஒன்று. இடைவேளை, வார ஓய்வு, நோய் விடுப்பு ஆகிய மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. தொழிலாளியின் உடல் இயந்திரத்தின் உறுப்பன்று என்பதே அவ்வேர்.

இவ்வேர் சட்டத்தில் ஊன்ற நெடுங்காலம் ஆயிற்று. 1911-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் வளர்ந்த ஆண்களின் வேலைநாளை 12 மணி நேரமாக வரையறுத்தது. 1922-இல் அது 11 மணியாகவும், 1934-இல் 10 மணியாகவும் குறைந்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் நாளொன்றுக்கு 9 மணி, வாரத்திற்கு 48 மணி என எல்லை வகுத்தது. மூன்று மணி நேரம் குறைய 37 ஆண்டுகள் தேவைப்பட்டன.

எழுதப்பட்ட 12 நாட்கள்

நோய்க்கால ஊதியத்திற்கு நம் நாட்டில் இரண்டு வழிகள் பிறந்தன. முதலாவது காப்பீடு. 1943-இல் பேராசிரியர் பி.பி. அடார்கரிடம் தொழிலாளர் நலக் காப்பீட்டுத் திட்டம் வகுக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. 1944-இல் அவர் அளித்த அறிக்கையின் அடிப்படையில் 1948-இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் பிரதமர் நேரு அதைத் தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டில் 1955-இல் கோவையில் கால்கொண்டது. காப்பீட்டில் சேர்ந்து உரிய நாட்களுக்குச் சந்தா செலுத்திய தொழிலாளி நோயுற்றால், ஆண்டில் 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காட்டைப் பெறலாம் என்பது இதன் நெறி. இ.எஸ்.ஐ. என்று மக்கள் வழங்குவது இதையே.

இரண்டாவது வழி நேரடி விடுப்பு. 1947-ஆம் ஆண்டின் சென்னைக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், பின்னர் தமிழ்நாட்டின் பெயரை ஏற்றது. அதன் 25-ஆம் பிரிவு கடை ஊழியர்க்கு மூவகை விடுப்பை வகுத்தது. ஓராண்டு தொடர்ந்து பணி செய்தபின் ஊதியத்துடன் 12 நாள் விடுமுறை; நோய் அல்லது விபத்தின் பொருட்டு ஆண்டுக்கு 12 நாள் வரை ஊதியத்துடன் விடுப்பு; தக்க பிற காரணங்களுக்காக மேலும் 12 நாள் வரை ஊதியத்துடன் தற்செயல் விடுப்பு. நோய் விடுப்பைப் பெற முதலாண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பணிக்கு வந்த முதலாண்டிலேயே அவ்வுரிமை தொடங்குகிறது.

இச்சட்டம் எல்லா ஊர்களையும் ஒரே நாளில் சென்றடையவில்லை. சென்னை நகரம், நகராட்சிகள் எனத் தொடங்கி, அரசின் அறிவிக்கைகள் வழியே பிற ஊர்களுக்கு விரிவடைந்தது. விலக்குகளும் இருந்தன. திருவிழாக்களையும் சந்தைகளையும் ஒட்டி 15 நாட்களுக்கு மிகாமல் தற்காலிகமாக நடைபெறும் கடைகள் இச்சட்டத்திற்கு உட்படா. தீபத் திருவிழாக் காலத்தில் நம் பாதையோரம் முளைக்கும் கடைகளை நினைத்துப் பார்த்தால், அவ்விலக்கின் பொருள் விளங்கும். ஊர் மிகுதியாக உழைக்கும் நாட்களில்தான் சட்டம் மிகுதியாக விலகி நிற்கிறது.

மிசூரியில் நடந்தது

இனி அயல்நாட்டு நிகழ்ச்சிக்கு வருவோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தனியார் துறை ஊழியர் அனைவர்க்கும் ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்பை உறுதி செய்யும் நடுவணரசுச் சட்டம் இல்லை. 1993-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தகுதியுள்ளோர்க்கு 12 வாரம் வரை விடுப்பளித்தது. ஆனால் ஊதியம் அளிக்கவில்லை. ஆகவே அங்குள்ள மாநிலங்களும் நகரங்களும் தனித்தனியே முயன்று வருகின்றன. சில மாநிலங்களில் குடிமக்கள் கையொப்பம் திரட்டி ஒரு சட்டத்தையே நேரடி வாக்கெடுப்பிற்கு விடலாம். நம் நாட்டில் இம்முறை இல்லை.

மிசூரி மாநில மக்கள் 2024 நவம்பர் 5 அன்று அவ்வாறு ஒரு சட்டத்திற்கு வாக்களித்தனர். ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் ஆதரித்தனர். 30 மணி நேர உழைப்புக்கு ஒரு மணி நேரம் ஊதியத்துடன் நோய் விடுப்பு என்பது அதன் ஒரு பகுதி. குறைந்தபட்சக் கூலி உயர்வு மற்றொரு பகுதி. 15 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் ஆண்டுக்கு 56 மணி நேரம், சிறிய நிறுவனங்களில் 40 மணி நேரம் என எல்லை வகுத்தது. நாளொன்றுக்கு எட்டு மணி எனக் கொண்டால் முறையே 7 நாளும் 5 நாளும் ஆகும். 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் எழுதி வைத்த 12 நாட்களோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

விடுப்பு உரிமை 2025 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே மாதத்தில் சட்டமன்றம் அதை நீக்கும் மசோதாவை நிறைவேற்றியது. ஜூலை 10 அன்று ஆளுநர் மைக் கீஹோ கையொப்பமிட்டார். ஆகஸ்டு 28 முதல் விடுப்பு உரிமை இல்லாதொழிந்தது. நான்கு மாதங்கள்கூட அது வாழவில்லை. சிறு வணிகர்களால் இச்சுமையைத் தாங்கவியலாது என்பதே நீக்கியவர்களின் முதன்மை வாதம். மக்கள் வாக்களித்தது அரசமைப்புத் திருத்தத்திற்கு அன்று, சாதாரணச் சட்டத்திற்கே. ஆதலால் அதை நீக்கும் அதிகாரம் சட்டமன்றத்திற்கு இருந்தது.

இது தனித்த நிகழ்ச்சியன்று. விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகர மக்கள் 2008-இல் நோய் விடுப்புக்கு வாக்களித்தனர். 2011-இல் மாநிலச் சட்டம் அதை முடக்கியது. நெப்ராஸ்கா மாநிலத்தில் 2024-இல் வாக்களித்தோருள் நால்வரில் மூவர் அளவினர் ஆதரித்த விடுப்புச் சட்டத்தை, 2025-இல் சட்டமன்றம் சுருக்கியது. 10 பேரும் அதற்குக் குறைவாகவும் பணிபுரியும் நிறுவனங்கள் அதிலிருந்து விலக்கப்பட்டன. மிச்சிகனில் மட்டும் கதை சற்றே திரும்பியது. அங்கு 2018-இல் மக்கள் கையொப்பமிட்டுக் கொணர்ந்த சட்டத்தைச் சட்டமன்றமே ஏற்றுக்கொண்டு, அவ்வாண்டு இறுதிக்குள் அதன் உள்ளீட்டைக் குறைத்துவிட்டது. அச்செயல் அரசமைப்புக்கு முரணானது என 2024 ஜூலை 31 அன்று அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழகம் காட்டிய மறுபக்கம்

மிசூரியில் மக்கள் தந்ததை மன்றம் பறித்தது. தமிழ்நாட்டிலோ மன்றமும் அரசும் பறித்ததை மக்கள் மீட்ட நிகழ்ச்சிகள் உண்டு. இரண்டைக் குறிப்பிடலாம்.

2003 ஜூலையில், ஓய்வூதியப் பலன்கள், ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து பணம் பெறுதல் முதலிய உரிமைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தனர். அத்தியாவசியப் பணிகள் காப்புச் சட்டம் அவசர ஆணையால் கடுமையாக்கப்பட்டது. ஏறத்தாழ 1.7 இலட்சம் பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். வேலைநிறுத்தம் செய்வது அடிப்படை உரிமையன்று என 2003 ஆகஸ்டு 6 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும் அரசின் இசைவோடு பெரும்பாலோர் மீண்டும் பணியில் சேர வழி பிறந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் ஒன்றிலும் வெல்லவில்லை. முடிவு வெளியான சில நாட்களிலேயே முதலமைச்சர் ஜெயலலிதா ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள் உட்படப் பல ஆணைகளைத் திரும்பப் பெற்றார். தோல்விக்குப் பல காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனால் திரும்பப் பெற்ற பட்டியலில் ஊழியர்க்கு ஓர் இடம் இருந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி வேறொரு ஆட்சிக் காலத்தது. 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத்தில் 65-அ என்னும் புதிய பிரிவைச் சேர்க்கும் திருத்த மசோதா சட்டப்பேரவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. வேலை நேர வரம்பு, வார விடுமுறையையொட்டிய ஏற்பாடுகள் முதலியவற்றிலிருந்து தொழிற்சாலைகளுக்கு அரசு விலக்களிக்க அது வழி செய்தது. 12 மணி நேர வேலைநாள் திரும்பி வருகிறது என மக்கள் அதைப் புரிந்து கொண்டனர். தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டன. ஏப்ரல் 24 அன்று மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே முதல் நாள், சென்னைச் சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய 1923-க்குச் சரியாக நூறாண்டு நிறைந்த நாள் அது. பத்தே நாளில் ஒரு மசோதா வீழ்ந்ததற்கு, எட்டு மணி நேரம் என்னும் சொல் தலைமுறைகளாக நம் மக்கள் நாவில் ஊறி இருந்ததும் ஒரு காரணமாகும்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் கொண்டு நாம் இறுமாப்படைதல் ஆகாது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் காப்பீட்டுச் சட்டமும் உள்ளிட்ட 29 நடுவணரசுச் சட்டங்கள், 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புச் சட்டங்களுக்குள் அடக்கப்பட்டன. அவற்றுள் மூன்று, 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சியினர் பெரும்பாலோர் அவையைப் புறக்கணித்திருந்த வேளையில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியவை. காப்பீடு தொடர்கிறது என்பது உண்மை. ஆயினும் தலைமுறைகள் பெயர் சொல்லி அறிந்திருந்த சட்டங்கள் பெயர் மாறும்போது, எவை நின்றன, எவை நீங்கின என்று எண்ணிப் பார்ப்பவர் வேண்டும்.

பறிபோவது தெரிய வேண்டுமானால்

இதுகாறும் கண்டவற்றுள் ஒரு பொதுமை புலப்படுகிறது. 2003-இல் போராடியவர்கள் தம் உரிமைகளை வரி வரியாக அறிந்தவர்கள். 2023-இல் எழுந்த குரலுக்கு நூறாண்டு நினைவு துணை நின்றது. மிசூரி வாக்காளர்களுக்கும் தாம் எதற்கு வாக்களித்தோம் என்பது தெரிந்திருந்தது. அதனால்தான் பறிக்கப்பட்டபோது அது செய்தியாயிற்று.

நம் கடைத்தெரு ஊழியரின் 12 நாட்களுக்கு இந்த நிலை வாய்க்கவில்லை. அதை நீக்க எந்தப் பேரவையும் கூட வேண்டியதில்லை. எந்த ஆளுநரும் கையொப்பமிட வேண்டியதில்லை. அது நீங்கினாலும் பலருக்குத் தெரியப் போவதில்லை. தமக்கு அது இருந்தது என்பதே அவர்களுக்குத் தெரியாது. பெற்றது தெரிந்தால்தான் பறிபோனது தெரியும். அறியப்படாத உரிமை, கொடுக்கப்படாத உரிமைக்கு ஒப்பானது.

கடை முதலாளி ஒருவர் இதைப் படித்தால், இரண்டு ஆள் வைத்து நடத்தும் சிறுகடையில் ஒருவருக்கு 12 நாள் சம்பளம் கொடுத்துவிட்டு நான் எங்கே போவது என்று கேட்கலாம். அக்கேள்வி நேர்மையானது. அதனை ஒதுக்குதல் முறையன்று. அடார்கர் அறிக்கை காட்டிய வழி அதற்கே விடை: நோயின் சுமையை ஒரு தொழிலாளியும் ஒரு முதலாளியும் மட்டும் சுமவாமல், பலர் சேர்ந்து சிறுகச் சிறுகச் செலுத்தி ஏற்றுக்கொள்வது. சிறுகடைகளையும் விழாக்காலக் கடைகளையும் அவ்வேற்பாட்டுக்குள் கொணர்தல் அரசின் கடமை. வையைக் கரையை வீட்டுக்கு வீடு பங்கிட்ட அரசன், வந்தியின் பங்கை மற்றவர்க்கும் சேர்த்துப் பங்கிட்டிருக்கலாம் அல்லவா?

உட்கார்ந்து பணி செய்ய இருக்கை தருக என்பது ஓர் எளிய கோரிக்கை. கேரளத்தில் 2018-இலும் தமிழ்நாட்டில் 2021-இலும் அது சட்டமாயிற்று. கடைகள் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவாக நம் பேரவை அதைச் சேர்த்தது. கேட்கும் குரல் இருந்தால் கடை ஊழியர்க்கும் மன்றம் செவிசாய்க்கும் என்பதற்கு இது சான்று. நாளெல்லாம் நிற்பவரின் கால்வலி சட்டப் புத்தகத்தில் ஏறியதற்கு முன்னால், அது யாரோ ஒருவரின் வாயில் சொல்லாக ஏறியது.

இங்குதான் கவிஞர்களாகிய நமக்கு ஒரு பணி காத்திருக்கிறது. பத்தாண்டுகளாக நம் வட்டம் சொற்களைப் பேணி வந்துள்ளது. 25-ஆம் பிரிவு சட்டத்தமிழில் கிடக்கிறது. தேநீர்க் கடையில் குவளை கழுவும் இளைஞர் ஒரு மூச்சில் படித்து உணரும் தமிழில் அதை எழுதுவது, வெண்பா ஒன்றைத் தளை தட்டாமல் யாப்பதினும் எளிதன்று. வ.உ.சி.யும் திரு.வி.க.வும் புலமையையும் தொழிலாளர் தொண்டையும் இரண்டாகப் பிரித்துப் பார்த்தவர்கள் அல்லர். அடுத்த தீபத்திற்கு முன் அவ்வாறு ஒரு சிறு தாள் அச்சாகி, நம் பாதையோரக் கடைகளுக்குச் சென்று சேருமானால், இப்பத்தாண்டு நிறைவுக்கு அதனினும் சிறந்த மலர் வேறில்லை.

உறங்குவோரை வாயில்தோறும் சென்று எழுப்பி உடன் அழைத்துச் செல்லும் பாடல் பிறந்த மண் இது. எழுப்புதல் இவ்வூருக்குப் புதிதன்று.